மிதிவண்டி வீழ்ச்சியும் மருத்துவப் பதிவும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வரலாறு என்றவுடன் முடிமன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. கடாரம் எனத் தமிழ்க் கல்வெட்டுகள் போற்றும் கெடா மாநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோரும், இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் பூஜாங் பள்ளத்தாக்கின் சின்னங்களையுமே முதற்கண் கூறுவர். அவை கூறத்தக்கனவே. ஆயினும், உழைத்து வாழ்ந்த எளிய மக்களின் வரலாறு கல்லில் வெட்டப்படவில்லை. அது மருத்துவமனைப் பதிவேடுகளில், பெயர், அகவை, காயம், காரணம் என்ற நான்கு கட்டங்களுக்குள் ஒற்றை வரியாக எழுதப்பட்டது. அவ்வரி முழுமையாக எழுதப்பட்டதா, அரைகுறையாக விடப்பட்டதா என்பதைப் பொறுத்தே பலருடைய வாழ்வு அமைந்தது.

கெடாவின் தென்கோடியில் அமைந்த மாவட்டம் பண்டார் பாரு. கிரியான் ஆற்றின் அக்கரையில் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார் நகரம் உள்ளது. அண்மையிலேயே பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் இருக்கின்றது. வடக்கே கூலிம் மாவட்டம். மூன்று மாநிலங்கள் கூடும் இம்முனையில் இரப்பர்த் தோட்டங்களும் சிறு பட்டினங்களும் வளர்ந்த காலத்தில், செம்மண் சடக்குகளில் மிகுதியாக ஓடிய ஊர்தி மிதிவண்டியே. அதிலிருந்து விழுவது அன்றாட நிகழ்ச்சி. அந்தச் சிறு நிகழ்ச்சி எவ்வாறு எழுதப்பட்டது, உலகம் அதனை எண்ணுவதற்கு எவ்வாறு கற்றது, எழுதப்படாதபோது யார் இழப்புக்கு ஆளாயினர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரப்பரும் மிதிவண்டியும்

1817-ஆம் ஆண்டில் செருமானியரான கார்ல் டிரைஸ் என்பார், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியொன்றை மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார். பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்த வண்டிகள் வந்தன. அவற்றில் ஏறியோர் சிறு கல் தடுத்தாலும் கைப்பிடிக்கு மேலாகத் தலைகீழாய் எறியப்பட்டனர். அவ்விடரை நீக்கவே, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்த வண்டியை 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் உருவாக்கினார். ‘பாதுகாப்பு மிதிவண்டி’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. மிதிவண்டியின் இன்றைய வடிவமே விழுந்தவர்களின் பட்டறிவிலிருந்து பிறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தை வெற்றியுடன் செய்து முடித்தார். அடுத்த பத்தாண்டில் மிதிவண்டி உலகெங்கும் பரவியது. இரப்பருக்கு இருந்த தேவை பெருகியது. அதன்பின் மோட்டார் வண்டிகளும் வந்து சேர, 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொணர்ந்த விதைகளின் வழித்தோன்றல்கள் மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றின. 1909-ஆம் ஆண்டு ஆங்கில சயாமிய உடன்படிக்கையினால் கெடா பிரித்தானியச் செல்வாக்கின்கீழ் வந்தது. தோட்டங்கள் விரிந்தன. 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியின் துணையாலும் கங்காணி முறையாலும், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி, இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர்.

ஆகவே, மிதிவண்டிக்கும் மலேசியத் தமிழருக்கும் உள்ள உறவு வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உள்ள உறவு மட்டுமன்று. உலகின் மிதிவண்டிச் சக்கரங்களுக்கு வேண்டிய பாலை வடித்தவர்களுள் இவர்களும் அடங்குவர். அப்பாலைச் சுமக்க இவர்களே மிதிவண்டியையும் ஏறி மிதித்தனர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பின்னர் நிரைக்குச் சென்று, மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, வாளிகளை வண்டியில் கட்டிப் பால் கொட்டகைக்குக் கொண்டு செல்வர். இருள், பனி, மழையில் நனைந்த செம்மண், மரவேர்கள், தளும்பும் பாரம் ஆகிய ஐந்தும் அவ்வழியில் எதிர்ப்பட்டன. விழுவதற்கு இவற்றுள் ஒன்றே போதும்.

தோட்டத்து ஏடும் மறைந்த கணக்கும்

பெரிய தோட்டங்களில் சிறு மருத்துவமனைகள் இருந்தன. அவற்றை நடத்தியவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். ‘டிரெசர்’ என மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரே. காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, எலும்பு முறிவுக்கு மூங்கில் அல்லது மரச்சட்டம், அதற்கு மேற்பட்டதாயின் நகர மருத்துவமனைக்கு அனுப்புதல் என்பன அவருடைய கடமைகள். இவற்றோடு பதிவேட்டை எழுதுவதும் அவருடைய பணியே. வேலைக்கு வராதவர் உண்மையில் நோயாளியா, எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பனவற்றை நிருவாகம் அவ்வேட்டைக் கொண்டே அறிந்தது. அதனால் அவ்வேடு மருத்துவ ஏடாகவும் கூலிக் கணக்கின் துணையேடாகவும் விளங்கிற்று.

இத்தகைய ஏட்டில் நோயின் பெயருக்கு இருந்த மதிப்பு காயத்தின் காரணத்திற்கு இருப்பது அரிது. மலேரியாவை மலேரியா என்று எழுதினால் கொசுவை ஒழிக்க வழி பிறக்கும். அது நிருவாகத்திற்கும் நன்மை. ‘கை முறிந்தது, விழுந்தார்’ என்று எழுதினாலோ, எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எங்கு விழுந்தார், எதில் சென்றபோது விழுந்தார், என்ன சுமந்து சென்றார் என்ற வினாக்கள் எழாமலே அவ்வரி முடிந்துவிடுகின்றது.

ஏடு இல்லாதபோது மனித இழப்பு எத்துணை எளிதில் மறைந்துபோகும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் பெருஞ்சான்று ஒன்றுண்டு. 1941 திசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் சப்பானியப் படை இறங்கியது. சில நாள்களில் கெடாவின் ஜித்ராவில் போர் நடந்தது. சப்பானிய வீரர் பலர் மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். 1942-இலும் 1943-இலும் சயாம் பர்மா இரயில்பாதை அமைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையினராகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். அவர்தம் மருத்துவர்களும் அதிகாரிகளும் மறைவாகக் காத்த குறிப்புகளால், கஞ்சனபுரியின் கல்லறைகளில் இன்றும் பெயர்களைப் படிக்க முடிகின்றது. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் பல பத்தாயிரவர். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. ஆதலின் எண்ணிக்கையும் மதிப்பீடாகவே நிற்கின்றது. மரணமே இவ்வாறு மறைந்துபோகுமாயின், ஒரு கை முறிவைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

உலகம் எண்ணக் கற்ற வரலாறு

காயத்தைப் பெயரிட்டு வகுக்கும் முயற்சி மிகப் பழையது. சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல் எலும்பு முறிவை 12 வகையாகவும், மூட்டு விலகலை 6 வகையாகவும் பிரித்தது. அப்பிரிவுகளைக் கூறுமுன், விழுதல், நசுங்குதல், அடிபடுதல், தூக்கி எறியப்படுதல், விலங்கால் கடிபடுதல் முதலிய காரணங்களையும் அந்நூல் எடுத்துரைத்தது. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில், நோயை அறிவதோடு அமையாது அதன் காரணத்தையும் தேர்ந்தறிதல் மருத்துவனின் கடமை என வற்புறுத்தினார். காரணத்தைக் கேட்டறியும் மரபு கீழை நாடுகளுக்குப் புதியதன்று.

ஆனால், அறிந்ததை எழுதி, எழுதியதை எண்ணி, எண்ணியதை ஊர்தோறும் ஒப்பிடும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. இலண்டன் மாநகரில் இறந்தோர் பட்டியல்கள் வாரந்தோறும் வெளியிடப்பட்டன. முதிய பெண்கள் வீடு வீடாகச் சென்று பிணத்தைப் பார்த்துக் காரணம் கூற, அதுவே பதியப்பட்டது. அப்பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் நூல் வெளியிட்டவர் ஜான் கிராண்ட் என்னும் வணிகர். அக்காலப் பட்டியல்களில் பலவகை விபத்துகளில் இறந்தோர் அனைவரும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கப்பட்டனர். வண்டியில் நசுங்கியவரும் மாடியிலிருந்து விழுந்தவரும் ஒரே கணக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவுத் தலைமை அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் பார், நோய்களை முறையாக வகுத்ததோடு, வன்முறையாலும் விபத்தாலும் நேரும் இறப்புகளைத் தனி வகுப்பாகவும் நிறுத்தினார். 1893-இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெர்ட்டியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலை அனைத்துலகப் புள்ளியியல் கழகத்தின் சிக்காகோ கூட்டத்தில் வழங்கினார். 44, 99, 161 தலைப்புகள் கொண்ட மூன்று அளவுகளில் அப்பட்டியல் அமைந்தது. சிறிய நாடும் பெரிய நாடும் தத்தம் ஆற்றலுக்கு ஏற்றதைக் கொள்ளலாம். அதுவே 1900 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வரலாயிற்று.

1948-ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற ஆறாம் திருத்தமே காயங்களின் வரலாற்றில் பெருந்திருப்பம். அதுவரை இறப்பை மட்டும் எண்ணிய பட்டியல், அன்று முதல் உயிருடன் மருத்துவமனைக்கு வரும் நோயாளியையும் எண்ணத் தொடங்கியது. காயத்திற்கு இரண்டு குறியீடுகள் வகுக்கப்பட்டன. எந்த உறுப்புக்கு என்ன நேர்ந்தது என்பது ஒன்று. எக்காரணத்தால் நேர்ந்தது என்பது மற்றொன்று. முறிந்த எலும்பும் முறித்த நிகழ்ச்சியும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்ற இக்கொள்கை, அன்றிலிருந்து எல்லாத் திருத்தங்களுக்கும் அடிப்படையாயிற்று.

1975-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்பதாம் திருத்தத்தில் மிதிவண்டி விபத்துக்கென ‘ஈ 826’ என்னும் எண் இருந்தது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்திலோ, மிதிவண்டியில் செல்வோருக்கு ‘வி 10’ முதல் ‘வி 19’ வரை பத்து எண்கள் ஒதுக்கப்பட்டன. பதினோராம் திருத்தம் 2019 மே மாதம் ஏற்கப்பெற்று, 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஓர் எண்ணிலிருந்து பத்து எண்களாக விரிந்த இவ்வளர்ச்சி வெறும் எழுத்தர் வேலையன்று. விழுந்தவனின் கதையைக் கேட்க உலகம் எடுத்துக்கொண்ட பொறுமையின் அளவு அது.

ஒரு மணிக்கட்டு, மூன்று பெட்டிகள்

இக்குறியீட்டு முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பண்டார் பாருவில் ஒரு தொழிலாளி விழுந்து, ஊன்றிய கையின் மணிக்கட்டருகே எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகின்றார் எனக் கொள்க. 1814-இல் ஆபிரகாம் காலிஸ் என்னும் அயர்லாந்து மருத்துவர் விளக்கியுரைத்த முறிவு இது. பத்தாம் திருத்தத்தில் ஆரை எலும்பின் கீழ்முனை முறிவுக்கு ‘எஸ் 52.5’ என்பது குறியீடு. இஃது எவ்வகையில் விழுந்தாலும் மாறுவதில்லை.

காரணத்தின் குறியீடோ மாறும். மருத்துவர் ‘விழுந்தார்’ என்று மட்டும் எழுதியிருப்பின், அது ‘டபிள்யூ 19’ என்னும் பெட்டிக்குள் செல்லும். அது விவரம் கூறப்படாத வீழ்ச்சிக்கு உரியது. குளியலறையில் வழுக்கியவரும் அங்கேதான் இருக்கக்கூடும். ‘மிதிவண்டியிலிருந்து விழுந்தார், எதனோடும் மோதவில்லை’ என்று எழுதியிருப்பின் ‘வி 18’. ‘பின்னால் வந்த கார் இடித்ததால் விழுந்தார்’ என்றிருப்பின் ‘வி 13’. ஒரே மணிக்கட்டு, ஒரே கட்டு, ஒரே வலி. ஆனால் மூன்று வெவ்வேறு பெட்டிகள். முதற் பெட்டியில் மிதிவண்டியே மறைந்துவிடுகின்றது. மூன்றாம் பெட்டியைக் கண்ட பின்னரே சாலையைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் பிறக்கும்.

குறியிடுபவர் தாமாக எதையும் ஊகிக்கக் கூடாது என்பது இத்துறையின் கண்டிப்பான நெறி. நோயாளியை அவர் காண்பதில்லை. ஏட்டை மட்டுமே காண்கின்றார். எழுதப்படாதது நிகழாததற்குச் சமம். ஆகவே, குறியீட்டின் செம்மை குறியிடுபவரைவிட, முதலில் கேட்டு எழுதியவரையே பெரிதும் சார்ந்தது.

தோட்டங்களைப் பொறுத்தவரை மற்றொரு நுட்பமும் உண்டு. பொதுச்சாலையில் நேர்வதைச் ‘சாலைப் போக்குவரத்து விபத்து’ என்றும், பொதுச்சாலை அல்லாத இடத்தில் நேர்வதை அதற்குப் புறம்பானது என்றும் பத்தாம் திருத்தம் பிரிக்கின்றது. மிதிவண்டியை ஓட்டியவர் எதனோடும் மோதாமல் பொதுச்சாலையில் விழுந்தால் ‘வி 18.4’, தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் பாதையில் விழுந்தால் ‘வி 18.0’. தோட்டப் பாதையில் விழுந்தவர் பெரும்பாலும் காவல் நிலையத்துக்குச் செல்வதில்லை. எனவே, சாலை விபத்துக் கணக்கில் அவர் இடம்பெறுவதும் அரிது. மருத்துவமனை ஏடே அவருக்கு எஞ்சிய சாட்சி.

மாநில எல்லையும் இங்கு ஒரு சிக்கலைத் தருகின்றது. பண்டார் பாருவில் விழுந்தவர் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தார் மருத்துவமனைக்குச் சென்றால், கெடாவில் நேர்ந்த காயம் பேராக்கில் பதியப்படும். விழுந்த இடத்தையும் வாழும் இடத்தையும் சேர்த்தெழுதினாலன்றி, எந்த ஊரின் பாதை பழுது என்பது எவருக்கும் விளங்காது.

எழுதாத வரியின் விலை

காரணத்தைக் கேட்டு எழுதுவது கணக்குக்கு மட்டுமன்றி உயிருக்கும் உறுதுணையாகும். மிதிவண்டி சாயும்போது கைப்பிடியின் முனை சிறுவனின் வயிற்றில் குத்துவதுண்டு. வெளியே சிறு வட்டமாகக் கன்றிய தழும்பு மட்டுமே தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ சிதைந்திருக்கலாம். ‘விழுந்தான், வயிற்றில் சிராய்ப்பு’ என்ற குறிப்பைப் படிப்பவர் சிறுவனை வீட்டிற்கு அனுப்பிவிடக்கூடும். ‘கைப்பிடி வயிற்றில் குத்தியது’ என்ற மூன்று சொற்கள் எழுதப்பட்டால், மருத்துவர் எச்சரிக்கையடைந்து அவனைக் கண்காணிப்பில் வைப்பார்.

மிதிவண்டியின் பின்னே அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் கால் சக்கரக் கம்பிகளுக்கிடையே சிக்குவதும் அத்தகையதே. குதிகாலின் தோல் உரிந்து, சில வேளைகளில் எலும்பும் முறியும். ‘காலில் வெட்டுக்காயம்’ என்று மட்டும் எழுதினால் அது கத்திக் காயமாகவும் இருக்கலாம். ‘பின்னிருந்த குழந்தை, சக்கரக் கம்பியில் கால் சிக்கியது’ என்று பத்து ஏடுகளில் எழுதப்பட்டிருப்பின், சக்கரத்திற்கு மறைப்புத் தகடு வேண்டும் என்பதை ஊரார் பதினோராம் குழந்தைக்கு முன்பே உணர்வர். தலையில் அடிபட்டவரின் உணர்வுநிலையை 3 முதல் 15 வரையிலான எண்ணால் குறிக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-இல் தோன்றியதும், ஒருவர் எழுதியதை அடுத்து வருபவர் ஐயமின்றிப் படித்துணர வேண்டும் என்பதற்காகவே.

தொழிலாளிக்கோ, எழுதாத வரி வருவாயையே பறிக்கும். 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையினால் வேலையின்போது நேர்ந்த காயத்திற்கே இழப்பீடு வகுத்தது. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், அதன்வழி 1971-இல் தோன்றிச் ‘சொக்சோ’ என மக்கள் நாவில் வழங்கும் நிறுவனமும் தொழிலாளிக்குப் புதிய காப்பாயின. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டிற்கும் செல்லும் வழியில் நேரும் விபத்தையும், சாப்பாட்டு வேளையில் உணவுக்காகச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகவே கருத அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு இடமளிக்கின்றது. வேலைக்குச் செல்லும், திரும்பும் பயணத்தைப் பத்தாம் திருத்தமும் வருவாய்க்கான உழைப்பின் வகையிலேயே சேர்த்துள்ளது.

ஆனால், சட்டம் தந்த உரிமையைக் கையில் பெற்றுத் தருவது ஏடே. காலை ஐந்தரை மணிக்கு மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர் வழியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தார் எனில், நேரம், இடம், செல்லும் நோக்கம் ஆகிய மூன்றும் முதல்நாள் ஏட்டிலேயே இருத்தல் வேண்டும். பல மாதங்களுக்குப் பின்னர்க் கை முழுவதும் உயராத நிலையில் அவர் நிவாரணம் கேட்கும்போது, ‘விழுந்தார்’ என்ற ஒற்றைச் சொல் அவருக்காக வாதாடாது. 2019 சனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் இந்நிறுவனத்தின் வேலைக்காயக் காப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். முன்னாளில் தமிழர் நின்ற இடத்தில் இன்று நிற்கும் அவர்களுக்கும் இவ்வரி பொருந்தும்.

தமிழின் வீழ்ச்சிச் சொற்கள்

தோட்டத் தொழிலாளி தம் வீழ்ச்சியைத் தமிழிலேயே கூறினார். ஏடோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் மலாயும் அதனுடன் சேர்ந்தது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் அவ்வொரு நொடியில் எவ்வளவோ செய்தி சிந்திப்போயிற்று. தமிழாசிரியர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

தமிழில் விழுதலைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். வழுக்கினார் என்றால் ஈரத்தரை. சறுக்கினார் என்றால் சரிவோ சரளைக்கல்லோ. இடறினார் என்றால் வேரோ கல்லோ எதிர்ப்பட்டது. வண்டி சரிந்தது என்றால் பாரம் ஒருபுறம் மிகுந்தது. கவிழ்ந்தது என்றால் பள்ளமோ மேடோ புரட்டியது. தூக்கி எறியப்பட்டார் என்றால் விரைவு மிகுதி, அல்லது பிற ஊர்தியின் இடிப்பு. இவ்வினைச் சொற்கள் ஒவ்வொன்றும் காரணத்தைத் தம்முள் அடக்கி நிற்கின்றன.

விழுந்த நிலையைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே. குப்புற விழுந்தவருக்கு முகம், மணிக்கட்டு, காறை எலும்பு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். மல்லாந்து விழுந்தவருக்குப் பின்மண்டையும் முதுகெலும்பும் முதன்மை. ஒருபுறமாகச் சாய்ந்து விழுந்தவருக்குத் தோளும் இடுப்பும். ‘செம்மண் வழுக்கி, வண்டி சரிந்து, குப்புற விழுந்தேன்’ என்று எழுத்தறியாத ஒரு பால்மரத் தொழிலாளி கூறிய வாக்கியத்தில் ஒரு மருத்துவர்க்கு வேண்டிய செய்தி பெரும்பகுதியும் உள்ளது. ‘விழுந்தார்’ எனச் சுருக்கி எழுதப்பட்டபோது அச்செய்தி அழிந்தது. குறை பேசியவரிடம் இல்லை. கேட்டு எழுதிய முறையிலேயே இருந்தது.

பதிவு காத்த உயிர்கள்

முறையாக எழுதப்பட்ட ஏடுகள் எத்தகைய நன்மை விளைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளுக்கு வந்த மிதிவண்டிக் காயங்களைத் தொகுத்தாய்ந்த மருத்துவர்கள், தலைக்கவசம் அணிவோருக்குத் தலைக்காய ஆபத்து 85 விழுக்காடு வரை குறைகின்றது என 1989-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு நோயாளியும் எப்படி விழுந்தார், கவசம் அணிந்திருந்தாரா என்பவை கேட்டு எழுதப்பட்டதனாலேயே அவ்வாய்வு இயன்றது. பின்வந்த ஆய்வுகள் அவ்விழுக்காட்டைக் குறைத்துக் கூறினும் கவசத்தின் பயனை மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 சூலை முதல் மிதிவண்டியோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, அவ்வகையில் உலகிற்கு முன்னோடியாயிற்று.

மலேசியாவிலும் மிதிவண்டி பழங்கதையாகிவிடவில்லை. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஓங்கியுள்ளது. தோட்ட மக்கள் பலர் பட்டினங்களுக்குப் பெயர்ந்தனர். பெரியோர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினர். எனினும் சிறுவர்களின் கையில் மிதிவண்டி இருக்கின்றது. தடையில்லாமலும் விளக்கில்லாமலும் மாற்றியமைக்கப்பட்டு, ‘லாஜாக்’ என வழங்கும் மிதிவண்டிகளில் சென்ற எட்டுச் சிறுவர்கள் 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் ஜொகூர் பாருவில் கார் மோதி உயிரிழந்தபோது நாடே கலங்கியது. அத்துயரத்தை நாடு அறிந்தது. விடியற்காலையில் தனியே விழுந்து, தனியே எழுந்து, வீங்கிய கையோடு வகுப்பில் அமரும் மாணவனை நாடு அறியாது. அவனை முதலில் காண்பவர் அவனுடைய ஆசிரியரே.

முடிவுரை

‘நான் கண்ட விபத்து’ என்பது தமிழ்ப்பள்ளிகளில் வழிவழியாக எழுதப்பட்டு வரும் கட்டுரைத் தலைப்பு. குருதி வெள்ளம், கூடிய கூட்டம், விரைந்த மருத்துவ ஊர்தி, கலங்கிய நெஞ்சம் என்ற மரபுத் தொடர்களால் அது பெரும்பாலும் நிரப்பப்படுகின்றது. விழுந்தவர் எந்த வேளையில், எந்த இடத்தில், எங்குச் செல்லும்போது, எதனால், எந்நிலையில் விழுந்தார், எவ்வுறுப்பு முதலில் தரையில் பட்டது என்பவற்றை அம்மாணவன் எழுதுவதில்லை. எழுதுமாறு அவனைப் பணிப்பாரும் அரியர். இவ்வாறு வினாக்களையும் அக்கட்டுரைப் பயிற்சியில் சேர்த்தல் வேண்டும். வழுக்குதலுக்கும் இடறுதலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லதிகாரமாக மட்டுமன்றி வாழ்வதிகாரமாகவும் கற்பிக்கலாம்.

அவ்வாறு பயின்ற மாணவன் நாளை மருத்துவனாகலாம், தாதியாகலாம், மருத்துவப் பதிவு அலுவலராகக் குறியீட்டு நூலைக் கையிலேந்தலாம். இவற்றுள் எதுவும் ஆகாவிடினும், மருத்துவமனையின் மேசைமுன் தன் தாய்க்காகவோ தந்தைக்காகவோ பேசும் மகனாக ஒருநாள் நிற்பான். அன்று அவன் ‘விழுந்துவிட்டார்’ என்று கூறி அமையாது, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எடுத்துரைத்து, அது ஏட்டில் எழுதப்பட்டதா எனப் பார்த்துவிட்டு வருவானாயின், தமிழ் கற்பித்த ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை எனலாம்.

பண்டார் பாரு, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால் சுமந்து விழுந்து எழுந்த முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். கோணிய மணிக்கட்டும் உயராத தோளுமே அவர்தம் பதிவேடு. பள்ளி விடுமுறையில் மாணவர்கள் அவர்களிடம் சென்று, விழுந்த இடத்தையும் வேளையையும் காரணத்தையும் கேட்டு, அவர்தம் இசைவோடு எழுதி வைத்தல் வேண்டும். தோட்டத்து மருத்துவ ஏடு எங்கேனும் ஒரு பழைய அலமாரியில் எஞ்சியிருப்பின் அதனையும் கறையானிடமிருந்து மீட்டல் வேண்டும். இப்பணியை ஆசிரியர்களும் மாணவர்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்வார்களாக.